மந்தநிலை வந்தால் முதல் அடி யாருக்கு? தொழில், வேலை, வீட்டுக்கடன்

தெருவிளக்கு எழுதியது:

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். யாரையும் போகச் சொல்லவில்லை. ஆனால் விலகிப் போனவர் இடத்துக்கு இன்னொருவர் வருவதில்லை. என் கொழுந்தனார் சின்னதாக உதிரிபாகப் பட்டறை நடத்துகிறார். ஆர்டர் இருக்கிறது, பணம்தான் வந்து சேரமாட்டேன் என்கிறது என்று புலம்புகிறார். எங்களுக்கு வீட்டுக்கடன் இன்னும் பல வருடம் பாக்கி. கையில் கொஞ்சம் சேமிப்பு உண்டு.

இரண்டு கேள்விகள். மந்தநிலை என்றால் அடி எந்த வரிசையில் விழும்? தொழிலுக்கா, வேலைக்கா, வீட்டுக்கா? அப்புறம், சேமிப்பைக் கொண்டுபோய்க் கடனில் கட்டிவிடலாமா, கையிலேயே வைத்துக்கொள்வதா? வீட்டில் தினமும் இதே பேச்சுதான். சட்டதிட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்று தெரியும், பொதுவாகச் சொன்னால் போதும்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு பார்ப்பது என் பிழைப்பு, அதனால் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

ஆர்டர் இருக்கிறது, பணம் வரவில்லை என்று உங்கள் கொழுந்தனார் சொன்னதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. மந்தநிலை அரசாங்கப் புள்ளிவிவரத்தில் தெரிவதற்கு முன்பே வரவேண்டிய பாக்கிப் பட்டியலில் தெரிந்துவிடும். முப்பது நாளில் கொடுத்தவர் நாற்பத்தைந்து என்பார், பிறகு அறுபது. அவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. அவருக்கு மேலே இருக்கும் பெரிய நிறுவனம் தன் பணத்தைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். சங்கிலியில் கடைசியில் இருப்பவருக்குத் தள்ளிவிட ஆள் கிடையாது.

பலருக்குப் புரியாத விஷயம், லாபத்தில் ஓடும் நிறுவனமும் மூடப்படும் என்பது. நஷ்டத்தோடு பல வருடம் ஓடலாம், சம்பள நாளில் கையில் காசில்லாமல் ஒரு மாதம் ஓடமுடியாது. ஜேபி மோர்கன் சேஸ் வங்கியின் ஆய்வுப் பிரிவு 2016-ல் அமெரிக்கச் சிறு நிறுவனங்களின் வங்கிக் கணக்குகளைப் பார்த்தது. வரவு நின்றுபோனால், வரிசைப்படுத்திப் பார்க்கையில் சரியாக நடுவில் வரும் நிறுவனம் கையிருப்பை வைத்து 27 நாள் தாங்கும் என்று வந்தது. பாதிப்பேருக்கு அந்த அளவுகூட இல்லை என்பதுதான் அதன் பொருள். அப்படிப்பட்டவருக்கு ஒரு பெரிய வாடிக்கையாளர் இரண்டு மாதம் இழுத்தடித்தால் கதை முடிந்தது.

இன்னொன்று சரக்கு. கடைசி வாடிக்கையாளர் வாங்குவது கொஞ்சம் குறைந்தால், விற்பவர் இருக்கும் சரக்கை முதலில் தீர்க்கலாம் என்று ஆர்டரை அதைவிட அதிகமாகக் குறைப்பார். அவருக்குக் கொடுப்பவர் இன்னும் அதிகமாகக் குறைப்பார். 2009-ல் உலக வர்த்தகம் அளவில் சுமார் 12 சதவீதம் சரிந்தது, உலக உற்பத்தி சரிந்ததைவிடப் பல மடங்கு அதிகம். அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இந்தச் சரக்குக் குறைப்பும் ஒன்று. உதிரிபாகம் செய்பவர் இந்தச் சங்கிலியில் கடையிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கிறார், கடையில் தெரியும் சரிவைவிட அவர் பட்டறையில் தெரிவது பெரிதாகவே இருக்கும். திரும்பி எழும்போதும் அதே வேகத்தில் எழும். அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டுமே.

வங்கிப் பக்கம் இன்னும் மோசம். நடைமுறை மூலதனத்துக்கான, அதாவது அன்றாடச் செலவைச் சமாளிப்பதற்கான, கடன் வரம்பைப் பெரும்பாலும் பாக்கியையும் சரக்கையும் வைத்துத்தான் கணக்கிடுவார்கள். 90 நாளைத் தாண்டிய பாக்கியைப் பல வங்கிகள் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. ஆக, பணம் வராத மாதத்திலேயே கடன் வரம்பும் சுருங்கும்.

சந்தேகப்பிராணி எழுதியது:

முதலில் மந்தநிலை வந்திருக்கிறது என்று யார் சொன்னது? இரண்டு காலாண்டு தொடர்ந்து உற்பத்தி குறைந்தால்தானே மந்தநிலை? ஆள் எடுக்கவில்லை என்பதற்கெல்லாம் ஒரு இழையா.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

இரண்டு காலாண்டுக் கணக்கு பத்திரிகைக்காரர்களுக்கு வசதியான அளவுகோல், அவ்வளவே. அமெரிக்காவில் இதை முடிவு செய்வது தேசியப் பொருளாதார ஆய்வகத்தின் குழு. உற்பத்தியோடு வேலைவாய்ப்பு, வருமானம், விற்பனை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். 2022-ல் முதலில் வெளியான கணக்குப்படி இரண்டு காலாண்டு உற்பத்தி குறைந்தது, ஆனால் வேலை பெருகிக்கொண்டே இருந்ததால் அதை அவர்கள் மந்தநிலை என்று அறிவிக்கவே இல்லை. மாறாக 2020-ல் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இரண்டே மாதம், அது மந்தநிலை. வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

இதில் தெருவிளக்குக்குப் பயன்படும் செய்தி வேறு. 2007 டிசம்பரிலேயே மந்தநிலை தொடங்கிவிட்டது என்று அந்தக் குழு அறிவித்தது 2008 டிசம்பரில். லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவாலாகி இரண்டரை மாதம் கழித்து! அறிவிப்பு வரட்டும், பிறகு யோசிக்கலாம் என்று இருந்தவர்களுக்கு யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. தன் அலுவலகத்தில் காலியான நாற்காலியை எண்ணுபவர் சரியாகத்தான் எண்ணுகிறார்.

சந்தேகப்பிராணி எழுதியது:

சரி, அந்த அறிவிப்பு விஷயம் எனக்குப் புதிது. ஆனாலும் ஒவ்வொரு தும்மலுக்கும் மந்தநிலை என்று கத்துவது எனக்குப் பிடிக்காது.

வருகைப்பதிவேடு எழுதியது:

மனிதவளத் துறையில் இருப்பவள் என்பதால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன், திட்டுவதற்கு ஆட்கள் தயாராக இருப்பார்கள் என்று தெரிந்தே.

பெரும்பாலும் வரிசை இப்படித்தான் போகும். முதலில் கூடுதல் நேர வேலை நிற்கும். அடுத்து ஒப்பந்தப் பணியாளர்கள், ஏஜென்சி மூலம் வந்தவர்கள். அவர்களை அனுப்புவதற்கு நோட்டீஸ், இழப்பீடு எதுவும் பெரிதாகத் தேவையில்லை. தற்காலிகப் பணியிடங்கள் குறைவதை ஒரு முன்னறிவிப்பாகவே பொருளாதார வல்லுநர்கள் பார்க்கிறார்கள். பிறகு ஆள் எடுப்பதை நிறுத்துவது. தெருவிளக்கு, உங்கள் அலுவலகம் இப்போது இங்கே நிற்கிறது. பல நேரம் இதோடு நின்றுவிடும், தானாக விலகுபவர்களைக் கொண்டே செலவு குறைந்துவிடும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. வெளியே வேலை இல்லாத காலத்தில் யாரும் தானாக விலகுவதில்லை. விலகல் நின்ற பிறகும் செலவைக் குறைக்க வேண்டியிருந்தால்தான் ஆட்குறைப்புப் பட்டியல் தயாராகும். அதனால் உங்கள் அலுவலகத்தில் இன்னும் ஆட்கள் விலகிப் போகிறார்களா என்று பாருங்கள். போகிறார்கள் என்றால் வெளியே வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

'எல்லோருக்கும் சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு ஆட்களை வைத்துக்கொள்ளலாமே' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கூட்டங்களில் நான் திரும்பத் திரும்பக் கேட்ட பதில் இது: சம்பளத்தைக் குறைத்தால் நூறு பேரும் கசந்துபோய் உள்ளேயே இருப்பார்கள், அதில் நல்லவர்கள் முதலில் வேறு இடம் தேடுவார்கள். பத்துப் பேரை அனுப்பினால் கசப்பு அவர்களோடு வெளியே போய்விடும். கேட்க ஈரமில்லாத பேச்சுதான், ஆனால் முடிவுகள் இப்படித்தான் எடுக்கப்படுகின்றன.

வேறு வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். 2009-ல் ஜெர்மனியின் உற்பத்தி 5 சதவீதத்துக்கு மேல் சரிந்தது, அமெரிக்காவைவிட மோசம். ஆனால் அங்கே வேலையின்மை அவ்வளவாக ஏறவில்லை, அமெரிக்காவிலோ இரண்டு வருடத்தில் 5-லிருந்து 10 சதவீதமாகிவிட்டது. ஜெர்மனியில் 'குர்ட்ஸ்ஆர்பைட்' என்ற ஏற்பாடு இருக்கிறது. வேலை நேரத்தைக் குறைத்து, இழந்த சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு தருவது. உச்சத்தில் சுமார் 14 லட்சம் பேர் அதில் இருந்தார்கள். மந்தநிலை முடிந்து ஆர்டர் வந்தபோது ஆட்களை மறுபடி தேடிப் பழக்க வேண்டியிருக்கவில்லை.

வேலைநீக்கம் மந்தநிலையின் ஆரம்பத்தில் வருவதைவிடக் கடைசியில்தான் அதிகம் தெரியும். அமெரிக்காவில் அந்த மந்தநிலை 2009 ஜூனில் முடிந்தது. வேலையின்மை உச்சம் தொட்டது அக்டோபரில்.

இடைவெளி எழுதியது:

மேலே அக்கா எழுதியதைப் படித்தேன். 'கசப்பு வெளியே போய்விடும்'. வெளியே போன கசப்பில் நானும் ஒருவன்.

கோபமாக எழுதவில்லை, விடுபட்டதைச் சொல்கிறேன். வேலையின்மை 10 சதவீதம் என்றால் ஏதோ நாடு முழுக்க எல்லோருக்கும் பத்தில் ஒரு பங்கு கஷ்டம் என்பதுபோல் பேசுகிறார்கள். அப்படி இல்லை. தொண்ணூறு பேருக்கு அநேகமாக ஒன்றுமே ஆகாது, விலைவாசி நின்று வட்டி குறைந்தால் அவர்களுக்குச் சற்று வசதிகூட. பத்துப் பேருக்கு எல்லாமே போகும். அந்தத் தொண்ணூறு பேர்தான் 'எல்லாம் சரியாகிவிடும்' என்று நமக்கு ஆறுதல் சொல்வார்கள்.

வேறு வேலை கிடைத்ததும் பழைய நிலைக்கு வந்துவிடுவோம் என்பதும் உண்மையில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1980-களில் வேலை இழந்தவர்களைப் பற்றி ஒரு பிரபலமான ஆய்வு உண்டு. ஒரே நிறுவனத்தில் பல வருடம் இருந்து, அந்த நிறுவனம் நொடித்ததால் வேலை போனவர்கள். பல வருடம் கழித்தும் அவர்கள் சம்பாத்தியம், வேலை போகாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவு. காரணம் எளிது. இருபது வருடமாக ஒரு இடத்தின் இயந்திரமும் மனிதர்களும் பழகியதற்குக் கிடைத்த சம்பளம் அது. அடுத்த இடத்தில் அந்தப் பழக்கத்துக்கு மதிப்பில்லை.

இன்னொன்று, வேலையில்லாமல் இருக்கும் மாதங்கள் ஏற ஏற அழைப்பு குறையும். 2010-ல் அமெரிக்காவில் வேலையில்லாதவர்களில் சுமார் 45 சதவீதம் பேர் அரை வருடத்துக்கும் மேலாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். தேடிச் சலித்து விட்டவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். நேர்காணலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி எப்போதும் இந்த இடைவெளி பற்றித்தான். அதனால்தான் இந்தப் பெயர்.

வருகைப்பதிவேடு எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்ன எதையும் மறுக்கமாட்டேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஆட்குறைப்பு பெரிய அளவில் நடந்த வருடத்தில் வந்த இடைவெளியை விவரம் தெரிந்தவர்கள் குறையாகப் பார்ப்பதில்லை. விவரம் தெரிந்தவர்கள் எத்தனை பேர் நேர்காணல் எடுக்கிறார்கள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

புதுமுகம் எழுதியது:

படிப்பு முடிக்கப் போகிறேன். எங்களை யாரும் கணக்கில் சேர்க்கவில்லையே. வேலையே இல்லாதவனுக்கு வேலை போகாது, சரிதான் 🙂 ஆனால் கிடைக்காமல் போகுமே?

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

நல்ல கேள்வி. மந்தநிலையில் பட்டம் வாங்குவது ஒரு தனி நஷ்டம். கனடாவில் பட்டதாரிகளைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். மந்தநிலை வருடத்தில் வெளிவந்தவர்களுக்குத் தொடக்கச் சம்பாத்தியம் சுமார் 9 சதவீதம் குறைவு, அந்த இடைவெளி ஐந்து வருடத்தில் பாதியாகி, பத்து வருடத்தில் அநேகமாக மறைந்தது. எப்படி மறைந்தது என்பதுதான் முக்கியம். முதலில் கிடைத்த சின்ன நிறுவனத்தில் சேர்ந்து, நிலைமை தேறியதும் நல்ல நிறுவனத்துக்கு மாறியவர்களால்.

மாற வழியில்லாத இடத்தில் காயம் ஆறுவதில்லை. ஜப்பானில் பெரிய நிறுவனங்கள் அந்தந்த வருடம் படிப்பு முடிப்பவர்களை மொத்தமாக எடுத்துக்கொள்ளும். அந்த வருடம் தவறவிட்டவனை அடுத்த வருடம் திரும்பிப் பார்க்காது. 1990-களின் நடுவிலிருந்து சுமார் பத்து வருடம் வெளிவந்தவர்களை அங்கே 'வேலைவாய்ப்புப் பனியுகத் தலைமுறை' என்றே அழைக்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் நடுவயதிலும் நிரந்தர வேலை இல்லாமல் இருக்கிறார்கள்.

ஆகவே தம்பி, முதல் வேலை சுமாராக இருந்தால் எடுத்துக்கொள். அங்கேயே உட்கார்ந்துவிடாதே.

பழைய_காசாளர் எழுதியது:

வீட்டுக்கடன் பகுதிக்கு யாரும் வரவில்லை, நான் வருகிறேன். வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன்.

வீட்டு விலை இறங்கினால் ஆட்கள் கடனைக் கட்டாமல் விட்டுவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது மட்டும் நடந்தால் பெரும்பாலானோர் விடமாட்டார்கள். வீட்டில் குடியிருக்கிறோம், சம்பளம் வருகிறது, தவணை கட்டுகிறோம். விலை என்னவாக இருந்தால் என்ன? வேலை போனால்கூட, விலை நன்றாக இருந்தால் வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டு வெளியே வந்துவிடலாம். இரண்டும் சேர்ந்து வரும்போதுதான் வீடு ஏலத்துக்குப் போகும். வருமானமும் இல்லை, விற்றால் கடன் அளவுக்குக் காசும் வராது. மந்தநிலையின் கொடுமை இதுதான், இரண்டையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து நிறுத்தும். முதல் பதிவில் கேட்ட 'எந்த வரிசையில்' என்பதற்கு என் பதில், வரிசையைவிட ஒன்றாக விழுவதைப் பாருங்கள் அம்மா.

முன்பணம் எவ்வளவு போட்டோம் என்பது இங்கே முக்கியம். அமெரிக்காவில் 2006-லிருந்து 2012 வரை வீட்டு விலை நாடு முழுவதும் சராசரியாக நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இறங்கியது. ஐந்து சதவீதம் போட்டு வாங்கியவர் இரண்டு வருடத்துக்குள்ளேயே வீட்டு மதிப்பைவிட அதிகக் கடனில் மூழ்கியிருப்பார். நாற்பது சதவீதம் போட்டவர் ஆறு வருடமும் கரையில் இருந்திருப்பார்.

அடுத்தது வட்டி. இங்கிலாந்தை இரண்டு காலத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். 1989-ல் அங்கே மத்திய வங்கியின் வட்டி 15 சதவீதத்துக்குப் போனது. அங்கே பெரும்பாலான வீட்டுக்கடன் மாறும் வட்டி. மந்தநிலை வந்தபோது வேலையும் போனது, தவணையும் உயரத்தில் நின்றது. 1991 ஒரே வருடத்தில் 75,000-க்கும் மேற்பட்ட வீடுகள் கடன் கொடுத்தவர்களிடம் போயின. 2009 மந்தநிலை உற்பத்தியை வைத்துப் பார்த்தால் அதைவிடப் பெரியது. ஆனால் அந்த வருடம் மார்ச்சில் வட்டியை 0.5 சதவீதத்துக்கு இறக்கிவிட்டார்கள். பலருக்குத் தவணை இறங்கியது. வீடு இழந்தவர்கள் 50,000-ஐ எட்டவில்லை. வட்டியால் வந்த மந்தநிலையா, வங்கிகள் முடங்கியதால் வந்த மந்தநிலையா என்பதைப் பொறுத்து வீட்டுக்காரனுக்கு வரும் அடியே மாறிவிடும்.

அப்புறம் சட்டம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாதிரி சில மாநிலங்களில், குடியிருக்க வாங்கிய வீட்டின் கடனைக் கட்டமுடியாமல் போனால், வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளும், அதோடு முடிந்தது. ஸ்பெயினில் அப்படியில்லை. வீடு ஏலம் போய், ஏலத் தொகை போதவில்லை என்றால் மீதிக் கடன் ஆளைத் தொடரும். 2013-ல் அங்கே வேலையின்மை 26 சதவீதத்தைத் தாண்டியது. வீடும் இல்லாமல், வீட்டுக்கடன் மட்டும் மிச்சமாக எத்தனை குடும்பங்கள் நின்றன. ஜனங்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். நம் கடன் பத்திரம் எந்த வகை என்று கையெழுத்துப் போடும்போது யாரும் கேட்பதில்லை.

நாம் இன்று சாதாரணமாக நினைக்கும் நீண்டகாலத் தவணைக் கடன் பரவலானதே ஒரு பெருமந்தத்தால்தான். 1929-க்கு முன் அமெரிக்காவில் வீட்டுக்கடன் பெரும்பாலும் ஐந்து பத்து வருடத்துக்குத்தான். பாதி விலை முன்பணம், இடையில் வட்டி மட்டும், கடைசியில் அசலை மொத்தமாகக் கட்டவேண்டும் அல்லது புதுப்பிக்கவேண்டும். வங்கிகளே ஆயிரக்கணக்கில் மூடப்பட்டபோது யார் புதுப்பிப்பார்கள்? ஒழுங்காகக் கட்டிவந்தவர்களும் வீட்டை இழந்தார்கள். 1933-ல் அரசு ஒரு கழகம் தொடங்கி, சுமார் 10 லட்சம் கடன்களை வாங்கி, பதினைந்து வருடத் தவணையாக மாற்றிக் கொடுத்தது.

களையெடுப்பு எழுதியது:

எல்லோரும் அழுகிறீர்கள். மந்தநிலை இல்லாவிட்டால் உருப்படாத நிறுவனங்கள் எப்போதுதான் மூடும்? கடன் வாங்கி ஆடியவர்கள் விழட்டும். ஜப்பானில் 1989-க்குப் பிறகு செத்த நிறுவனங்களை வங்கிகள் கடன் கொடுத்தே உயிரோடு வைத்திருந்தன. பங்குச் சந்தை 1989 டிசம்பர் உச்சத்தைத் திரும்பத் தொட்டது 2024-ல். தூக்கி நிறுத்தியதால் யாருக்கு என்ன லாபம்? அப்புறம், விலை இறங்கும்போது வீடு வாங்குபவன் புத்திசாலி. இதையும் யாராவது சொல்லத்தான் வேண்டும்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

ஜப்பான் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். வட்டிகூடக் கட்டமுடியாத நிறுவனத்தைப் பிடித்து வைத்திருந்தால் நல்ல நிறுவனத்துக்குப் போகவேண்டிய கடனும் ஆளும் போகாது.

ஆனால் மந்தநிலை களையைப் பார்த்துப் பிடுங்குகிறது என்று யார் சொன்னது? என் அனுபவத்தில் அது திறமையைப் பார்ப்பதே இல்லை, கையிருப்பைப் பார்க்கிறது. நல்ல பொருள் செய்து, கடனில் இயந்திரம் வாங்கிய புதியவன் விழுவான். சுமாரான பொருள் செய்து, அப்பா காலத்துக் கட்டடத்தில் வாடகை இல்லாமல் ஓட்டுபவன் நிற்பான். 1981-ல் அமெரிக்க மத்திய வங்கி விலைவாசியை அடக்க வட்டியை 20 சதவீதம்வரை கொண்டுபோனது. வீட்டுக்கடன் வட்டியே 18 சதவீதத்தைத் தாண்டியது. வீடு கட்டும் தொழிலில் இருந்தவர்கள் வாங்க ஆளில்லாமல் மரத்துண்டுகளை அந்த வங்கிக்கே அஞ்சலில் அனுப்பினார்கள். அவர்களெல்லாம் வேலை தெரியாதவர்களா? விலைவாசி அடங்கியது உண்மை, அதற்கான கூலியை அவர்கள் கொடுத்தார்கள்.

பழைய_காசாளர் எழுதியது:

விலை இறங்கும்போது வாங்குவது பற்றி. விலை அவ்வளவு சீக்கிரம் இறங்காது சார். முதலில் விற்பனைதான் நிற்கும். 'போன வருடம் பக்கத்து வீடு இவ்வளவுக்குப் போனது' என்று விற்பவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தரகர், பத்திரம் எழுதுபவர், வர்ணம் அடிப்பவர் எல்லோருக்கும் அப்போதே வருமானம் போய்விடும், விலைப் பட்டியலில் ஒன்றும் தெரியாது. பிறகு கட்டாயத்தில் விற்பவர்கள் வரும்போதுதான் விலை இறங்கும். அயர்லாந்தில் 2007-லிருந்து 2013 வரை இறங்கிக்கொண்டே இருந்தது, மொத்தத்தில் சுமார் பாதி. இரண்டாவது வருடத்தில் 'அடிமட்டம்' என்று வாங்கியவர் என்ன ஆனார்?

2020-ல் நேர்மாறு. வேலையின்மை உச்சம், வீட்டு விலையோ பல நாடுகளில் ஏறியது. வட்டி இறங்கியது, தவணையைத் தள்ளிவைக்க அரசுகள் அனுமதித்தன, அதனால் கட்டாயத்தில் விற்பவர் சந்தைக்கு வரவே இல்லை. மந்தநிலை என்றால் மலிவு விலை என்று விதி எதுவும் கிடையாது.

மலிவாக வரும்போதும் வாங்குபவர் யார் தெரியுமா? ரொக்கம் வைத்திருப்பவர். அந்த நேரத்தில் வங்கி முன்பணம் அதிகம் கேட்கும், வேலை உறுதியா என்று துருவும். புத்திசாலித்தனத்துக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

இடைவெளி எழுதியது:

'கடன் வாங்கி ஆடியவர்கள் விழட்டும்' என்பவர் ஒரு தடவை தன் வீட்டுக்கடன் பாக்கியைச் சொல்லிவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும்.

களையெடுப்பு எழுதியது:

எனக்குக் கடனே இல்லை நண்பரே.

இடைவெளி எழுதியது:

அதைத்தான் சொன்னேன்.

தெருவிளக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, ஒரே மூச்சில் படித்தேன். என் இரண்டாவது கேள்விக்கு மட்டும் இன்னும் நேரடியாக யாரும் பதில் சொல்லவில்லை. சேமிப்பைக் கடனில் கட்டுவதா, வைத்திருப்பதா? கட்டிவிட்டால் வட்டி மிச்சம் என்கிறார் இவர்.

சந்தேகப்பிராணி எழுதியது:

கணக்குப்படி அவர் சொல்வதுதான் சரி. சேமிப்புக்குக் கிடைக்கும் வட்டியைவிடக் கடன் வட்டி அதிகம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பழைய_காசாளர் எழுதியது:

வேலை நிச்சயமாக இருந்தால் கணக்கு சரி. இல்லாவிட்டால் தவறு. கடனில் கட்டிய பணம் திரும்பி வராது. சில கடன்களில் கூடுதலாகக் கட்டியதைத் திரும்ப எடுக்கும் வசதி உண்டு, அது உங்களுக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், மொத்தமாகக் கட்டிய மறுமாதம் வேலை போனால் வங்கி 'போன மாதம் இவ்வளவு கட்டினாரே' என்று தவணையை விட்டுவிடாது. அசல் குறைந்திருக்கும், இந்த மாதத் தவணை அப்படியே நிற்கும். புதுக் கடனும் தரமாட்டோம், வேலையில்லாதவருக்கு யார் தருவார்கள்?

ஆறு மாதச் செலவும் தவணையும் சேர்ந்த தொகையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இருப்பதை வேண்டுமானால் கட்டலாம். வட்டியில் கொஞ்சம் நஷ்டம்தான், வேலை போன மாதத்தில் வீட்டை அவசரமாக விற்காமல் இருப்பதற்காக நாம் கொடுக்கும் விலை அது.

வேலை போய்விட்டால், தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போங்கள். தவறுவதற்கு முன் வருபவருக்குக் காலத்தை நீட்டிக்கொடுக்கவும், சில மாதம் தள்ளிவைக்கவும் எங்களுக்குக் கொஞ்சம் அதிகாரம் இருந்தது. மூன்று தவணை தவறிய பிறகு கோப்பு வேறு துறைக்குப் போய்விடும், அங்கே இருப்பவர்கள் பேசும் பாஷையே வேறு.

வருகைப்பதிவேடு எழுதியது:

சேமிப்பு எதில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். வேலை பார்க்கும் நிறுவனத்தின் பங்கிலேயே சேமிப்பும் இருந்தால் அது சேமிப்பு இல்லை. 2001-ல் என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம் விழுவதற்கு முன் அதன் ஊழியர்களின் ஓய்வூதியக் கணக்கில் பாதிக்கு மேல் என்ரான் பங்காகத்தான் இருந்தது. வேலையும் ஓய்வுக்காலப் பணமும் ஒன்றாகவே போயின. கணவன் மனைவி இருவரும் ஒரே துறையில் இருந்தாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். 2008-ல் கட்டுமானமும் உற்பத்தியும் விழுந்ததால் ஆண்கள் வேலை அதிகம் போனது, 2020-ல் கடை, விடுதி, பராமரிப்பு வேலைகள் நின்றதால் பெண்கள் வேலை அதிகம் போனது. இரண்டு பேரும் வெவ்வேறு துறையில் இருந்த வீடுகள் ஓரளவு தாக்குப்பிடித்தன.

தெருவிளக்கு எழுதியது:

நாங்கள் இருவரும் வேறு வேறு துறைதான், அந்தவரையில் பரவாயில்லை. கடனில் கூடுதலாகக் கட்டினால் திரும்ப எடுக்க முடியாதாம், இன்று கேட்டுவிட்டேன். அதனால் சேமிப்பு கையிலேயே இருக்கட்டும் என்று முடிவாகியிருக்கிறது.

இப்போது புதிதாக ஒன்று. கொழுந்தனாரின் வங்கி, ஓவர்டிராஃப்ட்டை (கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் கடன் வசதி) புதுப்பிக்க ஒரு தனிநபர் ஜாமீன் கேட்கிறதாம். எங்கள் வீட்டைக் காட்டிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். சொந்தக்காரர், முகத்தை முறிக்கவும் முடியவில்லை.

கணக்கப்பிள்ளை எழுதியது:

வேண்டாம் சகோதரி. இத்தனை நேரம் இங்கே பேசியது, தொழிலும் வேலையும் வீடும் ஒன்றாக விழக்கூடாது என்பதைத்தான். நீங்கள் போடப்போகும் கையெழுத்து அந்த மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிவிடும். ஓவர்டிராஃப்ட் பெரும்பாலும் 'கேட்டவுடன் திருப்பித் தரவேண்டும்' என்ற நிபந்தனையில்தான் கொடுக்கப்படும். மந்தநிலையில் வங்கி கேட்கும்.

அவருக்கு உதவ வேறு வழிகள் இருக்கின்றன. பாக்கிப் பட்டியலை எடுத்துக்கொண்டு அவரோடு ஒரு நாள் உட்காருங்கள். பெரிய மூன்று பாக்கிக்காரர்களிடம் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்தாவது இப்போதே வாங்கச் சொல்லுங்கள். பாக்கி பில்லை வாங்கிக்கொண்டு முன்கூட்டியே பணம் தரும் நிறுவனங்கள் உண்டு, கமிஷன் போகும், வீடு போகாது. வாடகையைப் பேசிக் குறைக்கலாம், இயந்திரத் தவணைக்கு அவகாசம் கேட்கலாம். ஒரே வாடிக்கையாளர் அவர் விற்பனையில் பாதிக்கு மேல் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், அது ஓவர்டிராஃப்ட்டால் தீராத பிரச்சினை.

உங்கள் சேமிப்பிலிருந்து ஒரு தொகை கொடுப்பதாக இருந்தால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய அளவுக்குக் கொடுங்கள். ஜாமீனுக்கு அந்த அளவு கிடையாது, வட்டியோடு வளரும். ஏற்கெனவே எதிலாவது கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? இருந்தால் அந்தப் பத்திரத்தில் 'எல்லா நிலுவைகளுக்கும்' என்று இருக்கிறதா, ஒரு குறிப்பிட்ட தொகைக்கு என்று இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

தெருவிளக்கு எழுதியது:

பழைய இயந்திரக் கடனுக்கு இவர் சாட்சிக் கையெழுத்துதான் போட்டதாகச் சொல்கிறார். சாட்சியா ஜாமீனா என்று பத்திரத்தைப் பார்த்தால்தான் தெரியும். நாளைக்கு நகல் கேட்டிருக்கிறேன்.